மகள் போகும் வழி

அகப்பாடல்களில் அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. மகள் தான் விரும்பியவனோடு புறப்பட்டுப் போய்விட்டால் செவிலி புலம்புகிறாள், பெற்ற தாய் புலம்புகிறாள், தோழி பேசுகிறாள், வழியில் அந்த இருவரையும் பார்த்தவர்கள்கூடப் பேசுகிறார்கள். தந்தைக்கும் தமையனுக்கும் நேர்க் கூற்று இல்லை. அவர்கள் சொன்னதாக வேறு யாராவது எடுத்துச் சொன்னால் உண்டு என்று தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்து வைத்திருக்கிறது. களவியலோ, அவர்கள் நடந்ததைக் குறிப்பால் உணர்ந்துகொள்வார்கள் என்பதோடு விட்டுவிடுகிறது. மாணவனாக இதைப் படித்தபோது எனக்கு இது ஓர் இலக்கண விதி, அவ்வளவுதான். மகள் பிறந்து வளர வளர, வீட்டுக்குள் அப்பா நிற்கிற இடத்தை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. எங்கள் வீட்டிலும் அவள் தன் அம்மாவிடம் சொல்வாள், அதைவிட அதிகமாக அப்பத்தாவிடம் சொல்வாள். எனக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் குறிப்புகளே.

அவற்றில் ஒன்று தண்ணீர் பாட்டில். மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் டிபன் பாக்ஸையும் பாட்டிலையும் கழுவி வைப்பது வீட்டில் என் வேலை. ஒரு சாயங்காலம் மூடியைத் திறந்தால் எவர்சில்வர் பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர். காலையில் நான் கொதிக்க வைத்து ஊற்றிய சீரகத் தண்ணீர், அடியில் சீரகம் ஊறிப் பருத்துக் கிடந்தது. பங்குனி மாதம், புதுக்கோட்டை வெயில் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. கேட்டதற்குத் "தாகம் எடுக்கலப்பா" என்றாள். மறுநாளும் பாட்டில் அப்படியே வந்தது. கடைசியில் என் அம்மாதான் சொன்னாள்: "அந்தப் புள்ள தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்ல? அங்க கதவுக்குக் கொண்டி இல்லயாம்."

பிறகு மகளிடம் உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது, கொண்டி இல்லாத அந்தக் கதவைச் சுற்றி அந்தப் பிள்ளைகள் ஒரு நிர்வாகத்தையே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருத்தி தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். இடைவேளை பத்து நிமிடம். அதற்குள் எல்லோராலும் போய்வர முடியாது. ஆகவே யாருக்கு ரொம்ப அவசரமோ, யாருக்கு மாதவிடாயோ, அவர்களுக்கு முதலிடம். மற்றவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் சமாளித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்கள் தங்களுக்குள் நியாயமாக முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவருக்கும் அது தெரியாது. இன்னும் சரியாகச் சொன்னால், அம்மாக்கள் எல்லோருக்கும் தெரியும், அப்பாக்கள் ஒருவருக்கும் தெரியாது.

2014 சுதந்திர தின உரையில் பிரதமர், ஓராண்டுக்குள் நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை என்று அறிவித்தார். லட்சக்கணக்கில் கட்டவும் செய்தார்கள். அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதிவிட்ட பிறகும் கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. குழாயில் தண்ணீர் வருகிறதா, நாப்கினைப் போடக் கூடை இருக்கிறதா, பூட்டுச் சாவி யார் கையில், உள்பக்கம் தாழ் விழுகிறதா? இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கட்டடம் ஒரு பெண் பிள்ளைக்குப் பயன்படாது. அவள் உடம்பு அந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவது எந்த மகப்பேறு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

நற்றிணையில் போதனார் பாடிய ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, 110ஆவது. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை வைத்துக்கொண்டு வயதான செவிலியர் கெஞ்சினாலும் குடிக்க மாட்டேன் என்று பந்தலைச் சுற்றி ஓடிய பெண், திருமணமாகிப் போன வீடு வறுமைப்பட்டதும், அப்பா வீட்டுச் சோற்றை நினைத்தும் பார்க்காமல் ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்தப் பக்குவம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தாய் வியக்கிறாள். பள்ளியில் படித்தவர்கள் எல்லோருக்கும் பிடித்த பாட்டு, எனக்கும் பிடித்த பாட்டு. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நாளுக்குப் பிறகு என்னால் அதைப் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. தாய் வியந்து நிற்கும் இடத்தில் எனக்குப் பதற்றம் வருகிறது. அவள் பசியோடு இருக்கிறாள், சொல்லாமல் இருக்கிறாள், சொல்லாமல் இருப்பதை நாம் குணமாகப் பார்க்கிறோம். அந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு இப்போது விடை தெரியும். பள்ளிக்கூடத்துத் தாழ்ப்பாளில்லாத கதவு மாதிரி ஆயிரம் இடங்களில் அது பழக்கப்படுத்தப்படுகிறது. பெண் பிள்ளைகள் சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி, அவர்கள் கேட்பதை நிறுத்திக்கொண்டதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக் காரியம் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருந்த ஓர் அம்மா, காய்கறிக் கடை வைத்திருப்பவர், அடுத்த கூட்டத்தில் எழுந்து கழிப்பறைக் கதவைப் பற்றி மட்டும் பேசினார். தலைமையாசிரியை நல்லவர், குறித்துக்கொண்டார். அந்த அம்மா அதற்கும் காத்திருக்கவில்லை. இரண்டு நாளில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் தன் தம்பியை அழைத்து வந்து இரும்புக் கதவில் ஓட்டை போட்டு நாதாங்கி வைத்துவிட்டார். ஹார்டுவேர் கடையில் அந்தத் தாழ்ப்பாளின் விலை நூறு ரூபாய்கூட இல்லை. அந்த வாரம் பாட்டில் காலியாக வந்தது.

அதன் பிறகு மகள் சொல்வதைக் கேட்க எனக்கு ஆசை பிறந்தது. கேட்கக் கேட்க நான் பிறந்து வளர்ந்த ஊர் வேறொன்றாகத் தெரியத் தொடங்கியது. புதுக்கோட்டை நேர்கோடு போட்ட ஊர். ராஜ வீதிகளும் அவற்றை வெட்டிச் செல்லும் தெருக்களும் சதுரம் சதுரமாக இருக்கும். சமஸ்தான காலத்தில் திவான் சேஷையா சாஸ்திரி ஊரைச் சீரமைத்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவன் நான். இந்த நேரான ஊரில் மகள் ட்யூஷன் முடிந்து சைக்கிளில் வளைந்து வளைந்து வீட்டுக்கு வந்தாள். ஏன் இப்படிச் சுற்றுகிறாய் என்று கேட்டேன். அவள் சொன்ன வழி இது: நேர்த் தெருவில் மூடிய கடைகளின் படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அது வேண்டாம். அடுத்த தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா ஏழரை வரை இருப்பார். அங்கிருந்து திரும்பினால் பூக்கார ஆயா. ஆயா எட்டு மணிக்குக் கூடையைக் கட்டிவிடும், அதற்குள் தாண்டிவிட வேண்டும். அப்புறம் மெடிக்கல், அது பத்து வரை திறந்திருக்கும், வெளிச்சம் நன்றாக விழும். அதைத் தாண்டினால் மூன்று கம்பம் இருட்டு. அந்த இடத்தில் வேகமாக மிதிக்க வேண்டும்.

மூன்று கம்பங்களின் எண்களும் அவளுக்கு மனப்பாடம். புகார் கொடுக்கும்போது கம்ப எண் சொல்ல வேண்டும் என்று எங்கோ தெரிந்துகொண்டு போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். மறுநாள் அவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம், விளக்கும் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த இஸ்திரி அக்காவும் பூக்கார ஆயாவும்தான். ஊரின் பாதுகாப்பை அந்த இருவர் சும்மா அங்கே இருப்பதன் மூலம் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் அப்படி ஒரு வேலை செய்வதாக அவர்களுக்கே தெரியாது. பாதையோர வியாபாரிகளை அப்புறப்படுத்தி வீதியை அழகாக்க வேண்டும் என்று யாராவது பேசினால் எனக்கு இப்போதெல்லாம் முதலில் ஞாபகம் வருவது, அப்படி அழகான வீதியில் எட்டு மணிக்கு என் மகள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதே.

"நிக்கிற பொம்பளைய எங்கயாவது பாத்திருக்கீங்களாப்பா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். புரியவில்லை. "சும்மா நிக்கிற பொம்பள. பஸ் ஸ்டாப்ல, ரேஷன் கடையில நிக்கிறத விடுங்க. டீக்கடையில நீங்க நிக்கிற மாதிரி." யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் பெண்கள் எப்போதும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள், கையில் பையோ பிள்ளையோ இருக்கிறது. ஆண்கள் நிற்கிறார்கள்.

இதே தெருக்களில்தான் முத்துலட்சுமி ரெட்டி வளர்ந்தார். 1886இல் இங்கே பிறந்தவர். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். மகள் பருவமடைந்ததும் பள்ளிக்கு அனுப்ப முடியாது என்று ஆனபோது தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து மெட்ரிக் எழுத வைத்தார். மகாராஜா கல்லூரியில் சேர அந்தப் பெண் விண்ணப்பித்ததும் ஊரில் எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போவார், வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவே திரை கட்டியிருக்கும் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியதும், சட்டசபைக்குள் நுழைந்ததும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954இல் அடையாறில் மருத்துவமனையாக எழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

இந்தக் கதையை மேடையில் சொல்லும்போது மன்னரின் பெருந்தன்மையையும் தந்தையின் துணிவையும் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். இரண்டும் உண்மை. எனக்கு நினைவெல்லாம் அந்த மூடிய வண்டிக்குள் போகிறது. கோடைப் புழுக்கம். திரைக்குப் பின்னால் ஒரே ஒரு பெண், கல்லூரி முழுக்க ஆண்கள். அவர் எப்போது தண்ணீர் குடித்திருப்பார்? எங்கே எழுந்து போயிருப்பார்? கல்லூரியின் முதல்வராக இருந்தவருக்கு மகளை உள்ளே கொண்டுவர முடிந்தது, திரையை அகற்ற முடியவில்லை. தான் நிமிர்ந்து நடந்து போன கல்லூரிக்கு மகள் மறைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரிந்து எங்கும் பதிவாகவில்லை. இங்கேயும் அப்பாவுக்குக் கூற்று இல்லை.

அவர் மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போன காலத்துக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இதே மாவட்டத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானவர்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

அப்படி வாங்கியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அப்போது நாங்கள் ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா மிதிப்பாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன் நான். விடாதே விடாதே என்று கத்திக்கொண்டே போவாள். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, ரேஷன் அரிசி, தண்ணீர்க் குடம், என் தங்கை எல்லாவற்றையும் அதில் ஏற்றினாள். அம்மாவின் சைக்கிள் என்றால் எனக்குச் சுமைகள்தான் ஞாபகம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது மகள் அப்பத்தாவிடம் கேட்டாள், எதற்காகக் கற்றுக்கொண்டாய் என்று. நான் ரேஷன் கடையை எதிர்பார்த்தேன்.

"கம்மாய்க்கரைக்குப் போவேன்" என்றாள் அம்மா.

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல. செத்த நேரம் ஒக்காந்துட்டு வருவேன். மாவரைக்கப் போறேன்னு வாளிய மாட்டிக்கிட்டுக் கெளம்பிருவேன். மில்லுல கூட்டம்னு சொன்னா யாரு கேக்கப் போறா?"

"எதுக்கு அப்பத்தா அங்க போன?"

"எதுக்குன்னா என்னடி? போகணும்னு இருந்துச்சு, போனேன்."

கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிய எனக்கு இத்தனை வருடமும் தெரியாத சங்கதி இது. என் மகள் கேட்டதால் வந்தது. அவளுக்கு மட்டுமே அதைக் கேட்கத் தோன்றியது, ஏனென்றால் அவளும் மாவு வாளி தேடிக்கொண்டிருந்தவள். தோழி வீட்டில் நோட்டு வாங்க வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், ரீசார்ஜ் பண்ண வேண்டும் என்று ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவளும் வாசலைத் தாண்டுவாள். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்ததும் அம்மா அந்த இலவசச் சீட்டை வாங்கிக்கொண்டு திருக்கோகர்ணம் போய்விட்டு வருவாள். கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்வாள். சில நாள் சாமி கும்பிடாமலேயே திரும்பி வந்ததை மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகளைப் பெற்றவர்களுக்குப் பயம் வருவது இயல்பு. செய்தித்தாளைத் திறந்தால் அதற்கான நியாயம் கிடைத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் பயத்தின் வடிவம் போன். ட்யூஷன் முடிந்து ஐந்து நிமிடம் தாமதமானால் அடிப்போம். அவள் எடுக்க மாட்டாள், ஏனென்றால் போன் பைக்குள் இருக்கும், பை முதுகில் இருக்கும். சுடிதாரில் பாக்கெட் கிடையாது. தைக்கக் கொடுக்கும்போது சைடு பாக்கெட் வைக்கச் சொன்னாள். டெய்லர் என்னைப் பார்த்து, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு சார், சைஸ் தூக்கிக் காட்டும் என்றார். அவள் அவரிடமே சொன்னாள்: "அப்பா கூப்பிட்டா போன எடுக்கணும்ல அண்ணா." வைத்துக் கொடுத்தார். எடுத்து என்ன சொல்வாள் என்பது வேறு விஷயம். "வந்துக்கிட்டே இருக்கேன்" என்பாள், எங்கே இருந்தாலும்.

பயத்தால் பிள்ளையின் வழியை அடைப்பது எளிது, செலவில்லாதது, யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். விளக்குக்கு எழுதிப் போடவும், தாழ்ப்பாளுக்குக் கூட்டத்தில் எழுந்து பேசவும், பூக்கார ஆயாவை அங்கேயே உட்கார விடச் சொல்லவும் நேரம் ஆகும், நாலு பேர் சிரிப்பார்கள். இருந்தும் நம் பயத்துக்குச் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மகள் கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், தேவைக்கு மேலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு யார் இருப்பார்கள் என்று கணக்குப் போடாமல் அவள் ஒரு நாள் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போன மாதம், தோழிகள் நான்கு பேருமாகச் சைக்கிளில் சித்தன்னவாசல் போகிறோம் என்றாள். பதினாறு கிலோமீட்டர் இருக்கும். எதற்கு என்று அவள் அம்மா கேட்டாள். ஓவியம் பார்க்க என்று சொல்லியிருக்கலாம், அங்கே குகைக் கூரையில் தாமரைக் குளம் இருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை. "சும்மாதாம்மா" என்றாள். நான் ஸ்கூட்டரில் பின்னால் வரட்டுமா என்று கேட்டதற்கு, பஞ்சர் ஒட்டக் கிட்டு இருக்கிறது, நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விடியற்காலை கிளம்பினார்கள். அன்று காலை முழுக்க நான் செய்த வேலை எதுவும் நினைவில் இல்லை. அம்மா மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டு, தானும் ஒரு தடவை அறிவொளிக்காரப் பெண்களோடு அந்த வழியாகச் சைக்கிளில் போனதையும், மலை ஏறாமல் கீழேயே நின்றுவிட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் முகமெல்லாம் கறுத்து வந்து சேர்ந்தாள். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டு அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னவாசல் ரோட்ல ஒரு எறக்கம் வரும்ல அப்பத்தா, அதுல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினேன்."

"நான் ஒரு கையத்தான் விட்டேன்" என்றாள் அம்மா.